வரியைவிட மலிவான சிகரெட்: தென்னாப்பிரிக்காவில் தீங்கு குறைப்பு ஏன் தடுமாறுகிறது

தென்னாப்பிரிக்காவில் 20 சிகரெட் கொண்ட பாக்கெட் ஒன்றுக்கு 2025 பட்ஜெட் விதித்த கலால் வரி 22 ராண்டு 81 சென்ட். அதன்மேல் 15 சதவீத வாட் வரியைச் சேர்த்தால் 26 ராண்டைத் தாண்டுகிறது. புகையிலையின் விலை, தொழிற்சாலைச் செலவு, லாரி வாடகை, கடைக்காரர் லாபம் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. ஆகவே இந்தத் தொகைக்குக் கீழே ஒரு பாக்கெட் விற்றால் அதற்கு வரி கட்டவில்லை என்று அர்த்தம். ஆனால் நாட்டின் பல ஊர்களில் ஸ்பாசா எனப்படும் சிறு பெட்டிக்கடைகளிலும், டீரூம் எனப்படும் டர்பன் பக்கத்து மூலைக்கடைகளிலும் கேட்டுப் பாருங்கள்: 20 ராண்டுக்கும் குறைவாகவே பாக்கெட் கிடைக்கும். அதற்கும் கையில் காசில்லை என்றால் லூஸாக ஒன்றிரண்டு வாங்கிக்கொள்ளலாம்.

புகையிலைக் கட்டுப்பாடு பற்றி இந்த நாட்டில் நடக்கும் விவாதம் சில ஆண்டுகளாக வேப் (மின்சிகரெட்) பற்றியே சுழல்கிறது. வேப் நல்லதா கெட்டதா, சிகரெட்டை விடுவதற்கு அது உதவுமா, பள்ளிப் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளுமா என்றெல்லாம் பேசுகிறோம். பேசவேண்டிய விஷயங்கள்தான். ஆனாலும் வரி கட்டாத சிகரெட் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்வரை அந்த விவாதத்தில் யார் வென்றாலும் நோயாளிகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறையாது என்பதே என் வாதம். மலிவு சிகரெட் கையிலிருக்கும் ஒருவருக்கு அதை விடவும் அவசரமில்லை, வேறொன்றுக்கு மாறவும் காரணமில்லை.

முதலில் தீங்கு குறைப்பு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தின் குடும்பங்களுக்கு இது புதிய எண்ணம் கிடையாது. 2000களின் நடுவிலிருந்து சுகர்ஸ் என்ற ஹெராயின் கலவை நம் பிள்ளைகளைச் சூறையாடியபோது, அடித்தும் அழுதும் பூட்டி வைத்தும் பார்த்த பெற்றோர்கள் பலர். ஒரே நாளில் விட முடியாத ஒருவருக்கு ஹெராயினுக்கு மாற்றாக மெத்தடோன் என்ற மருந்தைக் கொடுத்து, உயிரைக் காத்து, மெல்ல மெல்ல மீட்பது இன்னொரு வழி. 2020 ஊரடங்கின்போது டர்பனில் வீடற்றவர்களுக்காகத் தொடங்கிய மெத்தடோன் சிகிச்சையிலிருந்துதான் பெல்ஹேவன் தீங்கு குறைப்பு மையம் உருவானது. பழக்கத்தை உடனே அறுக்க முடியாத இடத்தில், அதனால் வரும் கேட்டையாவது குறைப்போம் என்பதே இந்த அணுகுமுறை.

புகையிலையில் இதே எண்ணத்தைத் தெளிவாக முன்வைத்தவர் மைக்கேல் ரஸ்ஸல். தென்னாப்பிரிக்காவில் பிறந்து லண்டனில் பணியாற்றிய மனநல மருத்துவர். மக்கள் புகைப்பது நிகோட்டினுக்காக, ஆனால் அவர்களைக் கொல்வது தார் என்று 1976-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். நிகோட்டின் அடிமைப்படுத்தும், கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளின் மூளைக்கும் அது ஆகாது. ஆனால் நுரையீரல் புற்றுநோயையும் மூச்சுக்குழாய் நோயையும் பெரும்பாலும் உண்டாக்குவது எரியும் இலையின் புகை. அதிலுள்ள தார், கார்பன் மோனாக்சைடு, இன்னும் ஆயிரக்கணக்கான ரசாயனங்கள். எரிக்காமல் நிகோட்டினைக் கொடுத்தால்? தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோட்டின் ஒட்டு, சூயிங்கம், இன்றைய வேப் எல்லாமே அந்தக் கேள்வியிலிருந்து வந்தவை.

ஆதாரங்கள் எங்கே நிற்கின்றன? சிகரெட்டை விட முயல்பவர்களுக்கு, நிகோட்டின் ஒட்டு, சூயிங்கம் போன்றவற்றைவிட நிகோட்டின் உள்ள வேப் அதிகம் உதவுகிறது என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. 2015-ல் இங்கிலாந்தின் பொது சுகாதார அமைப்பு வேப் சிகரெட்டைவிட சுமார் 95 சதவீதம் தீங்கு குறைந்தது என்று மதிப்பிட்டது. அந்த எண்ணை விளம்பரம்போல் தூக்கிப் பிடிப்பது தவறு. அது நிபுணர்கள் சேர்ந்து செய்த மதிப்பீடு, முப்பது நாற்பது ஆண்டுகள் வேப் இழுத்தவர்களைப் பின்தொடர்ந்து எடுத்த அளவு கிடையாது. ஆனால் திசை சரிதான் என்று நான் நம்புகிறேன். இருபது ஆண்டுகளாகப் புகைக்கும் ஒருவர் முழுவதுமாக வேப்புக்கு மாறினால் அவருக்கு அது லாபம். புகைக்காத பதினைந்து வயதுப் பிள்ளை வேப் தொட்டால் முழு நஷ்டம். ஒரே பொருளுக்கு இரண்டு கணக்கு இருப்பதால்தான் கொள்கை வகுப்பது இவ்வளவு கடினமாகிறது.

'முழுவதுமாக' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மில் பலர், காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று சிகரெட்டைக் குறைத்துக்கொண்டு, மீதி நேரத்தில் வேப் இழுத்தால் ஆபத்தும் அதே அளவு குறையும் என்று நினைக்கிறார்கள். இதய நோயைப் பொறுத்தவரை அப்படிக் குறைவதில்லை. 2018-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பின்படி, நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிக்கும் ஆணுக்கு, 20 பிடிப்பவருக்கு வரும் கூடுதல் இதய நோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி வந்துவிடுகிறது. பெண்களுக்கு அது மூன்றில் ஒரு பங்கு. நீரிழிவும் மாரடைப்பும் இளவயதிலேயே தட்டும் சமூகம் நம்முடையது. டர்பனில் எந்த இந்தியக் குடும்பத்திலும் சர்க்கரை மாத்திரை இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட உடம்புக்கு 'குறைத்துவிட்டேன்' போதாது.

அடுத்தது, புகை இல்லை என்றால் ஆபத்து இல்லை என்ற நினைப்பு. இதை உலகம் முழுவதும் ஸ்வீடனை வைத்துப் பேசுகிறார்கள். அங்கே ஆண்கள் சிகரெட்டை விட்டு ஸ்னஸ் என்ற, உதட்டுக்கடியில் வைக்கும் புகையிலைக்குப் போனார்கள்; நுரையீரல் புற்றுநோயும் அவர்களிடையே ஐரோப்பாவிலேயே மிகக் குறைவான அளவில் இருக்கிறது. உண்மை. ஆனால் ஸ்னஸ் சூடாக்கிப் பதப்படுத்தி, புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்கள் குறையும்படி தயாரிக்கப்படுவது. வெற்றிலைப் பாக்கோடு போடும் புகையிலையும் குட்காவும் அந்த வகையைச் சேர்ந்தவை கிடையாது. நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி இந்த நாட்டிலிருந்தே வந்தது. தென்னாப்பிரிக்க இந்தியர்களிடையே வாய்ப் புற்றுநோயைப் பற்றி 1993-ல் வெளியான ஆய்வு, பாக்கு மெல்லும் பழக்கத்துக்கும் அந்த நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. பழக்கமும் பாதிப்பும் பெண்களிடம் தூக்கலாக இருந்தன. நம் பாட்டிமார்களில் பலர் புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்கும் வெற்றிலையுமாக மென்றவர்கள். 2004-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, பாக்கு தனியாகவே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. கல்யாணத்திலும் கோயில் விசேஷத்திலும் தாம்பூலத் தட்டு நீட்டுவது நம் மரபு, அதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தினமும் மெல்லும் பழக்கமாகாமல் பார்த்துக்கொள்வதுதான் தேவை. நம் சமூகத்தில் தீங்கு குறைப்பு பற்றிப் பேச வருகிறவர் இதையும் சேர்த்துப் பேசாவிட்டால் பாதிதான் பேசியிருக்கிறார்.

ஹப்ளி எனப்படும் ஹூக்காவும் அப்படித்தான். பிறந்தநாள் விழாவில் இளைஞர்கள் வட்டமாக உட்கார்ந்து இழுக்கும் ஹப்ளி தண்ணீர் வழியாக வருவதால் சுத்தமாகிவிடுகிறது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஒரு மணி நேர ஹப்ளியில் உள்ளே போகும் புகையின் அளவு ஒரு சிகரெட்டைப்போல நூறு மடங்குக்கும் மேல். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வேறு.

இந்த நாடு ஒருகாலத்தில் புகையிலைக் கட்டுப்பாட்டில் உலகுக்கே முன்மாதிரியாக இருந்தது என்பதை இன்றைய இளைஞர்கள் பலர் அறிய மாட்டார்கள். 1993-ல் முதல் சட்டம் வந்தது. 1994-க்குப் பின் சுகாதார அமைச்சரான நேட்டாலைச் சேர்ந்த மருத்துவர் என்கோசசானா டிலாமினி சூமா, 1999 திருத்தத்தின் மூலம் விளம்பரத்துக்கும் மூடிய பொது இடங்களில் புகைப்பதற்கும் தடை கொண்டுவந்தார். அப்போது உலகச் சந்தையை ஆட்டிப்படைத்த சிகரெட் குழுமங்களில் ஒன்றே இங்கே ஸ்டெல்லன்பாஷில், அன்டன் ரூபர்ட் கட்டியெழுப்பிய ரெம்பிராண்ட்டாக இருந்தது. அந்தச் செல்வாக்கை எதிர்த்து நின்றது சாதாரணக் காரியமில்லை. ஆனால் விளம்பரத் தடையைவிட அதிகம் வேலை செய்தது விலை. சில்லறை விலையில் பாதி வரியாக இருக்க வேண்டும் என்று அரசு இலக்கு வைத்து ஆண்டுதோறும் ஏற்றியது. 1993-ல் வயது வந்தோரில் சுமார் 32 சதவீதமாக இருந்த புகைப்பழக்கம் 2003-ல் 24 சதவீதமாக இறங்கியது. 1998 முதல் இறப்புப் பதிவுப் படிவத்தில், இறந்தவர் ஐந்து ஆண்டுகளுக்கு முன் புகைப்பவராக இருந்தாரா என்ற கேள்வியும் சேர்க்கப்பட்டது. அந்த ஒரு கேள்வியால், காசநோய் மரணங்களில்கூட சிகரெட்டுக்கு எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்களால் கணக்கிட முடிந்தது. எச்ஐவியும் காசநோயும் சேர்ந்து வாட்டும் நாட்டில் இது சிறிய தகவல் கிடையாது.

அந்த இறக்கம் தொடரவில்லை. 2021-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் வயது வந்தோரில் 29.4 சதவீதம் பேர், புகைக்காத வகைகளையும் சேர்த்து, ஏதோ ஒரு புகையிலைப் பொருளைப் பயன்படுத்தினார்கள். ஆண்களில் 41.7 சதவீதம். வேப் பயன்படுத்தியவர்கள் 2.2 சதவீதம் மட்டுமே. 29.4, 2.2 என்ற இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நாம் சண்டை போடும் பொருள் எது, நம்மைக் கொல்லும் பொருள் எது என்பது தெரிந்துவிடும்.

என்னதான் நடந்தது? ஒரு பதில் வரித்துறைக்குள் இருக்கிறது. 2014-க்குப் பிறகு வரித்துறையின் தலைமை மாறி, கள்ளச் சிகரெட்டைத் துரத்திக்கொண்டிருந்த விசாரணைப் பிரிவுகள் கலைக்கப்பட்டன. 2018-ல் நீதிபதி நூஜென்ட் தலைமையிலான ஆணையம், அந்தத் துறையின் நிர்வாகமும் நேர்மையும் பெருமளவில் சிதைந்துபோனதைப் பதிவு செய்தது. கள்ளச் சிகரெட் என்றதும் ஜிம்பாப்வே எல்லையில் இரவில் வரும் லாரிதான் பலருக்கும் நினைவு வரும். அது ஒரு பகுதி. இந்த நாட்டிலேயே, உரிமம் பெற்ற தொழிற்சாலைகளில் தயாராகி, கணக்கில் காட்டப்படாமல் வெளியே போவது இன்னொரு பெரிய பகுதி. எல்லைக் காவலை மட்டும் பலப்படுத்தி இதைப் பிடிக்க முடியாது. தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் குறியீடு போட்டு, கடை வரைக்கும் தொடரும் முறை வேண்டும். அதற்கான டெண்டரை வரித்துறை 2019-ல் விட்டு, 2020-ல் ரத்து செய்தது. கள்ளப் புகையிலை வணிகத்தை ஒழிக்கும் சர்வதேச ஒப்பந்தத்தில் தென்னாப்பிரிக்கா 2013-ல் கையெழுத்துப் போட்டது. ஏற்புறுதி செய்யாமலே ஆண்டுகள் கடந்தன.

அப்புறம் வந்தது 2020. மார்ச் 27-ல் ஊரடங்கு தொடங்கியதும் சிகரெட், வேப் இரண்டின் விற்பனையும் தடை செய்யப்பட்டது. ஆகஸ்ட் நடுவில்தான் தடை நீங்கியது. ஏறத்தாழ ஐந்து மாதம். நோக்கம் நல்லது: கொரோனா நுரையீரலைத் தாக்கும் நேரத்தில் மருத்துவமனைச் சுமையைக் குறைப்பது. ஆனால் கேப்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விசாரித்தபோது, தொடர்ந்து புகைத்தவர்களில் 93 சதவீதம் பேர் தடைக்காலத்திலும் சிகரெட் வாங்கியிருந்தார்கள். சராசரி விலை மூன்று மடங்கைத் தாண்டியது. கூடுதல் பணம் முழுவதும் கள்ளச் சந்தைக்கே போனது. அரசுக்கு வரியும் இல்லை. நிகோட்டின் ஒட்டோ ஆலோசனையோ தெருவுக்குத் தெரு வழங்கப்பட்டிருந்தால் அந்த ஐந்து மாதம் பல ஆயிரம் பேர் நிரந்தரமாக விடுவதற்கான வாய்ப்பாக மாறியிருக்கும். அப்படி எதுவும் இல்லாமல் வெறும் தடை மட்டும் வந்தது. 2020 டிசம்பரில் மேற்கு கேப் உயர் நீதிமன்றம் அந்தத் தடை அரசமைப்புக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. 2022-ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் அரசு தோற்றது.

வழக்கு முடிந்துவிட்டது, ஆனால் அந்த ஐந்து மாதத்தில் போடப்பட்ட பாதைகள் அழியவில்லை. முன்பு அறியாத பிராண்டுகளை வாங்கிப் பழகியவர்களில் பலர் பழைய பிராண்டுக்குத் திரும்பவில்லை. கள்ளச் சரக்கு எங்கே கிடைக்கும், யாரிடம் கேட்க வேண்டும் என்பது கடைக்காரர்களுக்கும் தெரிந்துபோனது. சந்தையில் பாதிக்கு மேல் வரி கட்டாத சரக்கு என்ற மதிப்பீடுகள் அதன் பிறகு வரத் தொடங்கின. சிகரெட் நிறுவனங்கள் இதைக் காட்டி, வரியை ஏற்றியதால்தான் கள்ளச் சந்தை வளர்ந்தது, ஆகவே குறையுங்கள் என்கின்றன. நான் இதை ஏற்கவில்லை. 1990களில் வரி வேகமாக ஏறியபோது புகைப்பழக்கம் குறைந்தது, கள்ளச் சந்தை இவ்வளவு பெரிதாகவில்லை. வித்தியாசம் கண்காணிப்பில்தான்.

நிறுவனங்கள் பேசும்போது எவ்வளவு நம்பலாம் என்ற சங்கடம் தீங்கு குறைப்பு விவாதம் முழுவதிலும் உண்டு. அதற்கும் ஒரு தென்னாப்பிரிக்கரின் வாழ்க்கையே எடுத்துக்காட்டு. டெரெக் யாக், உலக சுகாதார அமைப்பில் இருந்து புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான சர்வதேச உடன்படிக்கையை உருவாக்குவதில் முன்னின்றவர். அதே உடன்படிக்கையின் 5.3-ம் பிரிவு, சுகாதாரக் கொள்கையைப் புகையிலை நிறுவனங்களின் நலனிலிருந்து காக்கச் சொல்கிறது. 2017-ல் அவரே, சிகரெட் நிறுவனமான பிலிப் மோரிஸ் இன்டர்நேஷனல் தந்த பணத்தில் இயங்கிய அறக்கட்டளையின் தலைவரானார். 12 ஆண்டுகளில் சுமார் 100 கோடி டாலர் தருவதாக நிறுவனம் வாக்களித்திருந்தது. சிகரெட்டை விற்றுக்கொண்டே சிகரெட்டிலிருந்து மீட்கவும் நாங்களே வழி காட்டுகிறோம் என்பவர்களைச் சந்தேகிப்பது நியாயம். ஆனால் அந்தச் சந்தேகத்தால், கோக்ரேன் போன்ற சுதந்திரமான ஆய்வுகள் சொல்வதையும் சேர்த்துத் தள்ளிவிடக் கூடாது. அப்படித் தள்ளினால் இழப்பு நிறுவனத்துக்கு இல்லை, புகைப்பவருக்கு.

இனி நாடாளுமன்றத்தில் இருக்கும் புதிய புகையிலை மசோதாவுக்கு வருவோம். வேப் சாதனங்கள் பழைய சட்டத்துக்குள் வராததால், பல ஆண்டுகள் அவை மால்களில் மிட்டாய்ப் பொட்டலம்போல அடுக்கி விற்கப்பட்டன. விளைவு தெரிந்தது: கேப்டவுன் ஆய்வாளர்கள் 52 உயர்நிலைப் பள்ளிகளில் 25,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்டபோது 16.8 சதவீதம் பேர் வேப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். வசதியான பள்ளிகளை அதிகம் கொண்ட ஆய்வு என்பதால் நாடு முழுவதுக்கும் இதே அளவென்று சொல்லக் கூடாது. ஆனாலும் பெற்றோர் தூக்கம் கெடப் போதுமான எண். 2018-ல் வரைவாக வந்து, 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிமுகமான புதிய மசோதா சிகரெட்டையும் வேப்பையும் ஒரே சட்டத்தின் கீழ் கொண்டுவருகிறது. பிராண்டின் நிறமும் சின்னமும் இல்லாத வெற்று உறை, கடையில் காட்சிக்கு வைக்கத் தடை, மூடிய பொது இடங்களில் முழுத் தடை ஆகியவை அதில் உண்டு. 2024 தேர்தலோடு காலாவதியாகி, பிறகு மீண்டும் எடுக்கப்பட்டது.

பிள்ளைகளைக் காக்கும் பகுதி அத்தனையையும் நான் வரவேற்கிறேன். என் குறை, இரண்டு பொருளையும் ஒரே தராசில் நிறுத்துவது பற்றியது. பக்கத்தில் மொரிஷியஸ் இன்னும் ஒரு படி மேலே போனது: ஆப்பிரிக்காவிலேயே முதலாவதாக வெற்று உறையைக் கொண்டுவந்தது பாராட்டுக்குரியது, ஆனால் வேப்பை முற்றிலும் தடை செய்துவிட்டு சிகரெட்டை விற்பனையில் வைத்திருக்கிறது. இந்தியாவும் 2019-ல் அதேபோல் வேப்பைத் தடை செய்தது. அதிக ஆபத்துள்ளது கடையில், குறைந்த ஆபத்துள்ளது தடையில் என்றால், விட நினைக்கும் தாத்தாவுக்கு நாம் என்ன சொல்கிறோம்?

தென்னாப்பிரிக்கா தடைக்குப் போகவில்லை, வரிக்குப் போனது. 2023 ஜூன் 1 முதல் வேப் திரவத்துக்குக் கலால் வரி உண்டு. 2025-ல் அது மில்லி லிட்டருக்கு 3 ராண்டு 18 சென்ட். நிகோட்டின் எவ்வளவு இருந்தாலும், இல்லவே இல்லாவிட்டாலும் வரி ஒன்றே. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மில்லி லிட்டருக்கு 50 மில்லிகிராம் நிகோட்டின் உள்ள 2 மில்லி லிட்டர் சிறு வேப்புக்கு, அதாவது பயன்படுத்தித் தூக்கியெறியும் பழ வாசனை ரகத்துக்கு, வரி 6 ராண்டு 36 சென்ட். மில்லி லிட்டருக்கு 3 மில்லிகிராம் மட்டுமே உள்ள 60 மில்லி லிட்டர் குப்பிக்கு, அதாவது சிகரெட்டை விட்டு, நிரப்பும் சாதனத்துக்கு மாறி, நிகோட்டினைப் படிப்படியாக இறக்கிக்கொண்டிருக்கும் பெரியவர் வாங்கும் குப்பிக்கு, வரி 190 ராண்டு 80 சென்ட். குப்பியில் மொத்த நிகோட்டின் 180 மில்லிகிராம், சிறு வேப்பில் 100. நிகோட்டின் இரண்டு மடங்குகூட இல்லை, வரி முப்பது மடங்கு. பிள்ளைகளின் கைக்கு எளிதில் போகும் பொருள் மலிவாகவும், விட முயல்பவரின் பொருள் விலை கூடியதாகவும் இருக்கும்படி இந்த வரி அமைந்துவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். வரி வசூலிக்க எளிமையான வழி என்று தேர்ந்தெடுத்திருப்பார்கள். ஆனால் திருத்தப்பட வேண்டும்: நிகோட்டின் அளவை ஒட்டி வரி, தூக்கியெறியும் ரகத்துக்குத் தனியாகக் கூடுதல், குறைந்த நிகோட்டின் திரவத்துக்குச் சலுகை.

அதைவிட அவசரம் சிகரெட் பாக்கெட்டின் குறியீட்டு முறை. அதோடு சிகரெட் விற்கும் ஒவ்வொரு கடைக்கும் உரிமம். வரித்தொகைக்கும் கீழே விற்ற கடை அந்த உரிமத்தை இழக்கும் என்றால், சாதாரணக் காவலர்கூட ஒரு பாக்கெட்டின் விலையைக் கேட்டே குற்றத்தைக் கண்டுகொள்வார். சிறு வியாபாரிகள் இந்த மசோதாவை அஞ்சுவது புரிகிறது. ஒழுங்காக வரி கட்டிய சரக்கை விற்பவரும் இன்று கள்ளச் சரக்கோடு போட்டி போட முடியாமல் தவிக்கிறார், அவருக்கும் இது பாதுகாப்பு. கிளினிக்குகளிலும் வேலை இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாதா மாதம் மாத்திரை வாங்க வரிசையில் நிற்பவரிடம் 'புகைக்கிறீர்களா ஐயா?' என்று கேட்டு, அங்கேயே நிகோட்டின் ஒட்டைக் கையில் கொடுக்க வேண்டும். நிகோட்டின் ஒட்டும் சூயிங்கமும் 2009 முதல் உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. புகையிலையால் 2016-ல் மட்டும் இந்த நாட்டுக்கு ஏற்பட்ட பொருளாதார இழப்பு 4,200 கோடி ராண்டு என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒட்டு வாங்கக் காசில்லை என்ற பேச்சு அந்த எண்ணுக்கு முன் நிற்காது.

மசோதா நாடாளுமன்றக் குழுவில் எத்தனை காலம் கிடந்தாலும், மேலே சொன்னவற்றில் இரண்டு அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வேப் வரியின் அமைப்பை நிதியமைச்சகம் பட்ஜெட்டிலேயே மாற்றலாம். குறியீட்டு முறைக்கான டெண்டரை வரித்துறை மறுபடியும் விடலாம்.